வால்ட்ஸின் முதல் எழுத்து

ஓல்ஷான்கா,
14 ஜனவரி 1964

தம்பி மனைவி ரூஷெனாவுக்கு,

உன் கணவனும் என் தம்பியுமான எமில் என்னுடைய வால்ட்ஸைத் திருடினான். முப்பது வருடமாக இதை யாருக்கும் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நலம் விசாரிப்பது முறை. நீ நலமா? ப்ராகில் நிலக்கரி கிடைக்கிறதா? நான் இருக்கிறேன். முழங்கால் பனிக்கு மடங்க மறுக்கிறது. கிறிஸ்துமஸுக்கு, பழைய குளக்காவலன் என்ற மரியாதைக்கு, பண்ணையிலிருந்து ஒரு கெண்டை கொடுத்தார்கள். தனி ஆளுக்கு அது பெரிது. பாதியைப் பூனை தின்றது.

விஷயம் இது. ஊர் இசைச் சங்கத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. எமில் உயிரோடு இருந்திருந்தால் ஜூலை பன்னிரண்டில் அறுபது வயது. அன்றைக்கு என் வீட்டுச் சுவரில் கல் பதிக்கப் போகிறார்களாம். ‘ஹெடா வால்ட்ஸைப் படைத்த வயலின் கலைஞர் எமில் குபெஷ் பிறந்த வீடு.’ அதன் கீழே அந்த வால்ட்ஸின் முதல் நான்கு சுரங்கள். வீடு என்னுடையது. ஹெடா என் மனைவி. வால்ட்ஸும் என்னுடையது. அவன் இருநூறு பாட்டு எழுதினான், அவற்றில் எதைப் பற்றியும் எனக்குப் பேச்சில்லை. இது ஒன்றை நாரைக்குளத்து மதகின் மேல் உட்கார்ந்து நான் கட்டினேன். 1927 கோடையில் நெஞ்சில் நீர் கோத்து ஆறு வாரம் எங்களிடம் வந்து படுத்திருந்தானே, அப்போது கேட்டான், எடுத்துக்கொண்டு போனான்.

என் மனைவியின் பெயரை அதில் ஒளித்து வைத்தவன் நான். ஹா, ஏ, டே, ஆ. சுரத்துக்கு ஓர் எழுத்துதானே பெயர், அந்த நான்கு எழுத்துகளையும் கூட்டினால் ஹெடா. இதற்கு மேல் சாட்சி வேண்டுமா? என் நோட்டுப் புத்தகமும் இருக்கிறது.

அந்த மெட்டு அண்ணனுடையது என்று சங்கத்துக்கு எழுது. நீ எழுதாமல் அந்தச் சுவரில் ஒரு ஆணி இறங்காது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அலோயிஸ் குபெஷ்


ப்ராக்,
2 பிப்ரவரி 1964

மதிப்புக்குரிய அலோயிஸ் அண்ணாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்காலுக்குச் சூடான உப்பு மூட்டை நல்லது. என் விரல்கள் காலையில் மடங்குவதில்லை, பத்து மணிக்கு மேல் மடங்குகின்றன. பியானோ கற்க வரும் பிள்ளைகளை மத்தியானத்துக்கு மாற்றிவிட்டேன். நிலக்கரி கிடைக்கிறது.

எமில் போய் நான்கு மாதம் ஆகிறது. நீங்கள் அடக்கத்துக்கு வரவில்லை. வராததற்குக் காரணம் முழங்கால் என்று நினைத்திருந்தேன்.

அவர் எப்படி வாழ்ந்தார் என்று உங்களுக்குத் தெரியாது அண்ணா. பேசாத படங்களின் காலத்தில் திரைக்குக் கீழே அவர் வயலின், நான் பியானோ. அங்கேதான் பழகினோம். படம் பேசத் தொடங்கியதும் ஒரே மாதத்தில் எங்கள் எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். பிறகு காபிக் கடைகள், வெந்நீர் ஊற்று ஊர்களில் கோடைக் கச்சேரி, கடைசியில் வானொலியின் சிறிய வாத்தியக் குழு. ‘வெள்ளிக்கிழமைக்குள் ஒரு போல்கா’ என்று பதிப்பாளர் சொல்வார். வெள்ளிக்கிழமை போல்கா இருக்கும். இப்படி உழைத்த மனிதரைத் திருடன் என்கிறீர்கள், அதுவும் அவர் பதில் சொல்ல முடியாத இடத்துக்குப் போன பிறகு. ஏன் முப்பது வருடம் காத்திருந்தீர்கள்? இந்தக் கடிதத்தை உங்களுக்கு யாராவது சொல்லிக்கொடுத்து எழுத வைத்தார்களா?

அந்த வால்ட்ஸை மட்டும் எமில் வீட்டில் ஒருநாளும் வாசித்ததில்லை. யார் அந்த ஹெடா என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். ‘வெறும் நாலு சுரம்’ என்றார். பிறகு நான் கேட்கவில்லை.

நோட்டுப் புத்தகம் இருக்கிறது என்கிறீர்களே, அதை அனுப்புங்கள். பார்த்துவிட்டுப் பேசுவோம்.

நலத்தோடு இருங்கள்.

ரூஷெனா


ஓல்ஷான்கா,
23 பிப்ரவரி 1964

ரூஷெனாவுக்கு,

உப்பு மூட்டை வைத்தேன். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உன் விரல்கள் சீக்கிரம் குணமாகட்டும்.

எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்து எழுதிப் பழக்கமில்லை. வயலினையே யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சிகாகோவுக்குப் போன பெரியப்பா அனுப்பிய பாடப் புத்தகத்தை வைத்து, குளத்துக் குடிசையில் நாரைகளுக்கு முன்னால் கற்றேன். எமில் கன்சர்வேட்டரி என்ற பெரிய இசைப் பள்ளியில் படித்தவன். என் வில்லைப் பார்த்தாலே அவனுக்குச் சிரிப்பு. ‘அண்ணே, நீ வாசிக்கிறியா, விறகு அறுக்கிறியா?’ என்பான். சிரித்தவன் எதற்காகக் காகிதத்தை எடுத்து எழுதிக்கொண்டான்? அதை யோசி.

நோட்டுப் புத்தகத்தை அஞ்சலில் அனுப்ப மாட்டேன். போனால் திரும்பி வராது. கையால் நகல் எடுத்திருக்கிறேன். எனக்குக் கோடு போட்ட தாளில் எழுதத் தெரியாது, சுரத்தின் எழுத்தைத்தான் எழுதுவேன். முதல் வரி இது:

பே, ஏ, டே, ஆ. ஆ, டே, கே, ஏ.

தேதி, 1927 ஜூன் 30. எமில் வந்தது ஜூலை இரண்டாம் வாரம். பக்கத்தின் மேல் ‘மதகில்’ என்று எழுதியிருக்கிறேன். ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் அப்படியே எடுத்திருக்கிறேன்.

நீ என் கடிதங்களை வேறு யாரிடமாவது காட்டுகிறாயா? காட்டாதே.

பனி விழுகிறது. வழுக்கும், பார்த்து நட.

அலோயிஸ்


ப்ராக்,
14 மார்ச் 1964

அலோயிஸ் அண்ணாவுக்கு,

நேற்று என் பெயர்த் திருநாள், காலண்டரில் ரூஷெனா என்று போட்டிருக்கும் நாள். வருடம் தவறாமல் உங்களிடமிருந்து வரும் அட்டை இந்த முறை வரவில்லை. பரவாயில்லை. நீங்கள் நலம் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. காட்டத் தேவையும் இல்லை. நாற்பது வருடமாகப் பியானோ முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கே தெரியும்.

நகலை எடுத்து வாசித்துப் பார்த்தேன். முதல் சுரம் ‘பே’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஹெடா வால்ட்ஸ் ‘ஹா’வில் தொடங்குகிறது. பே என்பது அதற்கு அரைச் சுரம் கீழே. பேயில் தொடங்கினால் அது வால்ட்ஸ் இல்லை, தவளை கத்துவது. எழுத்துக் கூட்டினால் ஹெடா வராது. பியெடா என்று வரும், நம் பேச்சில் ‘ஐயோ’. மனைவிக்கு எழுதிய பாட்டின் தலையில் ‘ஐயோ’ என்றா எழுதுவீர்கள்?

முப்பது வருடக் கோபத்தில் இந்த ஜனவரியில் உட்கார்ந்து ஒரு பழைய பக்கம் தயார் செய்திருக்கிறீர்கள். அவசரத்தில் முதல் எழுத்திலேயே தவறிவிட்டது. எனக்கு இப்படித்தான் தோன்றுகிறது. தப்பென்றால் மன்னியுங்கள்.

ஈஸ்டர் நல்லபடியாக வரட்டும்.

ரூஷெனா


ஓல்ஷான்கா,
புனித வெள்ளி, 27 மார்ச் 1964

ரூஷெனா,

என்னைப் பொய்ப் பத்திரம் எழுதுகிறவன் என்கிறாய். நான்கு சொட்டு மசிக்கு நான் பொய் சொல்ல வேண்டியதில்லை. நோட்டுப் புத்தகத்தில் பே என்று இருக்கிறது. அதனால் பே என்று எழுதினேன்.

பெயர்த் திருநாளுக்கு அட்டை எழுதி வைத்திருந்தேன். அனுப்பவில்லை. இனியும் அனுப்பப் போவதில்லை.

நலமாக இரு.

அ. குபெஷ்


ஓல்ஷான்கா,
19 ஏப்ரல் 1964

ரூஷெனாவுக்கு,

நீ பதில் எழுதவில்லை. நான் எழுத வேண்டியதாகிவிட்டது. நலமா என்று கேட்டதாக வைத்துக்கொள்.

போன வாரம் சங்கச் செயலாளர் ஆசிரியர் ஷ்டிகா வந்தார். கல்தச்சன் கேட்கிறானாம். ஐந்து கோடு போட்டுச் சுரப்புள்ளி வெட்டினால் கல் விண்டுபோகும், எழுத்தாக வெட்டலாமா என்று. நல்லது, எழுத்துதான் வேண்டுமென்றால் என் நோட்டிலிருந்து எடுங்கள் என்று அவர் முன்னால் வைத்தேன். பார்த்துவிட்டு மனிதர் தொப்பியைக் கழற்றினார்.

“குபெஷ் மாமா, வாசலுக்கு மேல ‘ஐயோ’ன்னு வெட்டி வைக்கவா? வர்றவங்க துக்க வீடுன்னு திரும்பிப் போயிடுவாங்க.”

அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, வயலினை எடுத்து அந்த வரியை வாசித்தேன். அவர் சிரிப்பு நின்றது. “இது ஹாவுல தொடங்குது. நீங்க ஏன் பேன்னு எழுதினீங்க?” என்றார். எங்கே விரல் வைத்தேனோ அதற்குப் பெயர் பே என்றேன். யார் சொன்னது என்று கேட்டார். புத்தகம் சொன்னது என்று பெரியப்பாவின் சிகாகோ புத்தகத்தை எடுத்துப் போட்டேன்.

அவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கேள் ரூஷெனா. அந்த நாட்டில் சுரங்களுக்கு ஹா என்ற எழுத்தே கிடையாதாம். நாம் ஹா என்பதை அவர்கள் பே என்கிறார்கள். நம் ஊரிலும் உன் ஊரிலும் பே வேறு, ஹா வேறு. நாற்பது வருடம் கல்யாண வீடுகளில் வாசித்திருக்கிறேன், ஒருவனும் சுரத்தின் பெயரைக் கேட்டதில்லை. ‘தண்ணி மாதிரி போவுமே, அதை எடு’ என்பார்கள், எடுப்பேன். யார் திருத்துவது?

ஆகவே பக்கம் நிஜம். தேதி நிஜம். என் பேயும் எமிலின் ஹாவும் ஒரே சுரம், ஒரே வால்ட்ஸ். ஆசிரியர் இதைத் தன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறார், நகல் உள்ளே இருக்கிறது. இனி நீ என்ன சொல்லப் போகிறாய் என்று பார்க்கிறேன்.

அலோயிஸ் குபெஷ்


ப்ராக்,
10 மே 1964

அலோயிஸ் அண்ணாவுக்கு,

உங்களைப் பொய்ப் பத்திரம் எழுதுகிறவர் என்று சொன்னது தவறு. மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் அதை ஏற்க மாட்டீர்கள் என்றும் தெரியும். இங்கே மே மாதத்துக் குளிர், இன்னும் கணப்பு மூட்டுகிறேன். உங்கள் பூனை நலமா?

மெட்டு உங்களுடையது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று எனக்குப் புரியவில்லை, அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஹா என்ற சுரம் இருப்பதே அந்த நாளில் உங்களுக்குத் தெரியாது என்கிறீர்கள். உங்களுக்கு அது பே. அப்படியானால் 1927 ஜூன் 30 அன்று மதகின் மேல் உட்கார்ந்து, ஹெடா என்ற பெயரை அந்தச் சுரங்களில் நீங்கள் எப்படி ஒளித்திருக்க முடியும்?

பெயர் அங்கே தானாக வந்து விழுந்திருக்கிறது. நீங்கள் அதைப் பார்க்கவில்லை. பார்த்தது வேறொருவர். அச்சில் ‘ஹெடா’ என்று பெயர் வைத்தவரும் அவரே. சர்ச் பதிவேட்டில் உங்கள் மனைவியின் பெயர் ஹெட்விகா. ஹெடா என்று கூப்பிட்டவர்கள் எத்தனை பேர் அண்ணா?

நான் வேறொன்றும் கேட்கவில்லை.

ரூஷெனா


ப்ராக்,
4 ஜூன் 1964

அலோயிஸ் அண்ணாவுக்கு,

மூன்று வாரமாக உங்களிடமிருந்து பதில் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று ஆசிரியர் ஷ்டிகாவுக்கு எழுதிக் கேட்டேன். நீங்கள் தினமும் குளத்துக்குப் போய் வருகிறீர்கள், யாருடனும் பேசுவதில்லை, கல்தச்சனைக் கேட் வரை வரவிட்டுத் திருப்பி அனுப்பினீர்கள் என்று பதில் வந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டேன்.

நான் கேட்டிருக்கக் கூடாது என்றால் அதையாவது எழுதுங்கள்.

ரூஷெனா


ஓல்ஷான்கா,
14 ஜூன் 1964

ரூஷெனாவுக்கு,

நலம். பூனையும் நலம்.

நீ கேட்டதற்கு முன்பே எனக்குத் தெரியும். பிப்ரவரியில் நகல் எடுக்கும்போதே பார்த்தேன். முப்பது வருடமாக அந்த நோட்டைத் திறக்கவில்லை. திறந்தால் பே என்று இருக்கிறது. ஹா என்று மாற்றி எழுதியிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது. எனக்கு அது பழக்கமில்லை. அப்படியே அனுப்பினேன்.

அந்தப் பெயரை நான் ஒளிக்கவில்லை.

1934இல் அச்சுப் பிரதி இந்த ஊருக்கு வந்தது. சத்திரத்தில் பழைய ஆசிரியர் அதை விரித்து வைத்துக்கொண்டு, “ஏம்ப்பா குபெஷ், முதல் நாலு சுரம் உன் பொண்டாட்டி பேரு, உனக்குத் தெரியுமா?” என்றார். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அட்டையில் என் தம்பியின் பெயர், நடுவில் என் மனைவியின் பெயர். நான் என்ன சொல்வேன்? “தெரியாம என்ன, வச்சதே நான்தான்” என்றேன். ஹெடா பீர் வாங்கக் கூஜாவோடு பக்கத்தில் நின்றிருந்தாள். நான் சொன்னது அவள் காதில் விழுந்தது. வீட்டுக்கு வரும் வழியில் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்தாள். இவளுக்கு என் பொய் தெரியும், அதனால் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். கையை எடுத்துக்கொண்டேன்.

அதற்குமுன் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். 1927 ஆகஸ்ட். மதகை மூடிவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன், ஈரக் காலணியைக் கழற்ற வாசலில் நின்றேன். உள்ளே ஹெடா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். எமில் கோடு போட்ட தாளில் ஏதோ எழுதிவிட்டு, “இங்க பாரு அண்ணி” என்று காட்டினான். அவள் பார்த்தாள். காதுவரை சிவந்தாள். பென்சிலை வாங்கி அவளும் ஏதோ எழுதினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். என்னைக் கண்டதும் தாளைப் பட்டாணித் தோலுக்குக் கீழே தள்ளினாள்.

“என்னது?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல, பட்டாணித் தோலு.”

முப்பத்தேழு வருடமாக எனக்குக் கிடைத்த பதில் அதுதான். அவளை நான் மறுபடி கேட்கவில்லை. அவளாகச் சொல்வாளோ என்று காத்திருக்கவும் இல்லை. 1951இல் இறந்துபோனாள். எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது, கேட்க வேறு ஆளும் இல்லை. வால்ட்ஸைத் திருடினான் என்று சொல்வது சுலபமாக இருந்தது. திருட்டுக்கு ஒரு பேர் இருக்கிறது, சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது நான் கேட்கிறேன். எமில் அதை வீட்டில் வாசித்ததில்லை என்று முதல் கடிதத்தில் எழுதினாய். வேண்டுமென்றுதான் எழுதினாய். உனக்கு என்ன தெரியும்?

அலோயிஸ்


ப்ராக்,
20 ஜூன் 1964

அலோயிஸ் அண்ணாவுக்கு,

நாளை உங்கள் பெயர்த் திருநாள். எல்லா நலமும் கிடைக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு என் வாழ்த்து உங்களுக்கு வேண்டாமென்றால் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. 1934இலேயே அதைப் படித்துவிட்டேன்.

அந்த வருடம் எமிலுக்கு வேலையில்லை. பதிப்பாளர் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வால்ட்ஸ் கேட்டிருந்தார். எமிலுக்குக் காய்ச்சல், கையில் ஒன்றும் வரவில்லை. வியாழக்கிழமை வயலின் பெட்டியின் உள்துணியை விலக்கி ஒரு தாளை எடுத்தார், பார்த்துப் படி எடுத்தார், திரும்ப வைத்தார். அவர் வெளியே போனதும் நான் அந்தத் துணியை விலக்கினேன்.

மேலே அவருடைய எழுத்தில், ‘அண்ணன் வாசித்தது.’ கீழே மெட்டு. முதல் நான்கு சுரத்தைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் ‘ஹெடா’. அதற்குக் கீழே, ‘அண்ணனுக்குத் தெரியாது.’

அதற்கும் கீழே பென்சிலில், வேறு கையெழுத்தில் ஒரு வரி. ‘சொல்ல வேண்டாம், எமில். அவராகவே கண்டுபிடிக்கட்டும்.’

நான் அதை எப்படிப் படித்திருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் வாசலில் நின்று பார்த்ததை நான் காகிதத்தில் பார்த்தேன். முப்பது வருடம் அதோடு குடும்பம் நடத்தினேன். பியானோ கற்க வரும் ஒவ்வொரு பிள்ளையும் ஹெடாதான் வேண்டும் என்று கேட்கும். சொல்லிக்கொடுத்தேன்.

‘அண்ணன் வாசித்தது’ என்று அவரே எழுதியதை என் மேசையில் வைத்துக்கொண்டு, உங்களிடம் சாட்சி கேட்டேன். பொய்ப் பத்திரம் என்றேன். தாளைக் காட்டினால் பென்சில் வரியையும் காட்ட வேண்டும். என் கணவர் பேரில் அப்படி ஒரு வரி வெளியே வர வேண்டாம் என்று இருந்தேன். உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றும் நினைத்திருந்தேன்.

உங்கள் போன கடிதத்தைப் படித்துவிட்டுத் தாளை மறுபடி எடுத்தேன். மூலையில் பச்சையாக ஒரு கறை உண்டு. அது என்ன என்று இத்தனை வருடம் தெரியவில்லை. பட்டாணி.

அந்தச் சுரத்துக்கு நீங்கள் பேயைத் தவிர வேறு எழுத்து அறியாதவர் என்று இப்போது எனக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு அந்த இரண்டு வரிகளையும் திரும்பப் படித்தேன். அவருக்குத் தெரியாது. அவராகவே கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடிக்க வேண்டியது என்ன? நான் ஒன்று நினைத்திருந்தேன். அது இல்லாமலும் இருக்கலாம். சத்திரத்தில் நீங்கள் ‘வச்சதே நான்தான்’ என்றபோது ஹெடா ஏன் சிரித்தார், ஏன் கையைப் பிடித்தார் என்று நீங்கள்தான் சொல்ல முடியும். எனக்கு அவரைத் தெரியாது. இரண்டு முறை பார்த்திருக்கிறேன், இரண்டு முறையும் முறைத்துப் பார்த்தேன்.

பென்சில் வரியை மெல்லிய தாளில் ஒற்றி எடுத்து அனுப்புகிறேன். அது அவர் கையெழுத்துதானா என்று நீங்கள் பாருங்கள். அசலை அஞ்சலில் அனுப்ப மாட்டேன். போனால் திரும்பி வராது.

ரூஷெனா


ஓல்ஷான்கா,
28 ஜூன் 1964

ரூஷெனாவுக்கு,

கடிதம் வந்தது. வாழ்த்தை வைத்துக்கொண்டேன்.

நிலவறைக்குப் போனேன். ஹெடா கடைசியாகப் போட்ட பிளம் ஜாம் ஒரு ஜாடி அங்கே இருக்கிறது, 1950ஆம் வருடத்தது, நான் திறக்கவில்லை. அதன் மேல் அவள் கையால் எழுதிய சீட்டு இருக்கிறது. உன் மெல்லிய தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே கை. எழுத்தின் கடைசிக் கோட்டை எப்போதும் கீழே இழுத்து விடுவாள்.

அவள் ஏழு வருடம் காத்திருந்தாள். அன்றைக்குச் சத்திரத்தில், மெட்டுக்குள் தன் பெயரை நான் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தாள். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத மாட்டேன், நீயும் எழுதாதே.

எமில் திருடினான் என்று சொன்னதை நான் திரும்பப் பெறவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்காமல் எடுத்தான். அதற்கு வேறு பெயர் கிடையாது. நீ தாளை வைத்துக்கொண்டு என்னைப் பொய்யன் என்றாய். அதையும் நான் மறக்கப்போவதில்லை. ஜூலை பன்னிரண்டுக்கு இரண்டு வாரம் இருக்கிறது. நடக்க வேண்டியவை இவை.

கல்தச்சன் கேட்டைத் தாண்டி உள்ளே வரலாம். அவன் வெட்ட வேண்டிய முதல் எழுத்து ஹா. பே என்று வெட்டினால் கல்லை அவனே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

ஆசிரியர் ஷ்டிகா கல்லுக்கான வாசகத்தை மாற்றி எழுத வேண்டும். ‘அலோயிஸ் குபெஷ் வாசித்தது, எமில் குபெஷ் எழுதியது, இருவரும் இந்த வீட்டில் பிறந்தவர்கள்.’ அவனுடைய மற்ற இருநூறு பாட்டுகளை வேண்டுமானால் விழா மேடையில் படிக்கட்டும், கல்லில் இடமில்லை. பேச்சு பத்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது.

ஊர் வாத்தியக் குழு வால்ட்ஸை வால்ட்ஸாக வாசிக்க வேண்டும். வானொலியில் வருகிற மாதிரி ஓட்டக் கூடாது. அது மதகில் தண்ணீர் போகிற வேகம். தெரியவில்லை என்றால் வந்து குளத்தைப் பார்க்கட்டும்.

நீ வர வேண்டும். அசலை அஞ்சலில் போடாமல் கைப்பையில் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை மத்தியான ரயிலில் வா. கலுப்கி நிறுத்தம் என்று சொல்லி இறங்கினால் ஆசிரியர் வண்டியோடு நிற்பார், சொல்லியிருக்கிறேன். மேல் அறையில் படுக்கை போட்டிருக்கும். தாளைச் சமையலறை மேசையில் வைத்து எனக்குக் காட்ட வேண்டும். இரண்டு பேரும் பார்த்த பிறகு நீயே திரும்ப எடுத்துக்கொண்டு போகலாம், அது எமிலின் எழுத்து, உன்னுடையது. போவதற்கு முன் ஜாடியைத் திறந்து பார்ப்போம். கெட்டுப் போயிருந்தால் கொட்ட வேண்டியது உன் வேலை, என்னால் முடியாது.

ஞாயிறு காலை விழாவுக்கு முன்னால் வயலினை எடுத்துக்கொண்டு ஹெடாவின் கல்லறைக்கு நான் போக வேண்டும். யாரும் பின்னால் வரக் கூடாது. ஆசிரியரிடமும் நீயே சொல்லிவிடு.

கடைசியாக நோட்டுப் புத்தகம். பேயை அடித்துவிட்டு ஹா என்று எழுதிக்கொள்ளச் சொல்லி ஆசிரியர் ஒரு பென்சில் கொடுத்துவிட்டுப் போனார். அதை நான் செய்யக் கூடாது. நீயும், என் காலத்துக்குப் பின் இந்த வீட்டுக்கு வருகிறவர்களும் செய்யக் கூடாது. நான் வைக்காமலே அவள் பெயர் அங்கே வந்தது என்பதற்கு அந்தத் தப்பு எழுத்து ஒன்றுதான் சாட்சி.

ரயிலில் ஜன்னலைத் திறக்காதே, உன் விரல்களுக்குக் குளிர் ஆகாது.

அலோயிஸ்